‘மணமாகாதவர்’ என்றொரு கட்டம்

அத்தியாயம் 17

பாலத்தின் மேட்டில் வரிசை அப்படியே நின்றுபோனது. யாரெலிக்கு இன்னும் மூச்சு வாங்கியது. முன்னால் நின்ற ஆளின் பையிலிருந்து பாலாடைக்கட்டி வாசனை வந்தது. கையில் போன் துடித்தது.

ஒஃபேலியா அத்தை. எடுக்கவில்லை.

மறுபடி துடித்தது. மறுபடியும் அத்தைதான். அப்பாவாக இருந்தால் எடுத்திருப்பாள். அப்பா கூப்பிடவே இல்லை. அதுதான் அவளுக்குக் கிலியாக இருந்தது.

“ஏம்மா பொண்ணு, நகரு. வரிசை போகுது பாரு” என்று பின்னாலிருந்து ஒரு பெரியவர் அதட்டினார். நகர்ந்தாள். இரண்டடிதான். மறுபடி நின்றது.

பின்னால் ஹுவாரெஸ், முன்னால் அமெரிக்காவின் எல் பாசோ. நடுவில் ஆறு என்று பேருக்கு ஒரு கோடு தண்ணீர். பதினேழு வருஷக் கல்யாண வாழ்க்கையில் அப்பா ரொஹேலியோ இந்தக் கோட்டைத் தாண்டியதில்லை. அம்மா மரிசேலா எல் பாசோ ஆஸ்பத்திரியில் பிறந்தவள். வளர்ந்தது, ஆறாவது வரை படித்தது, கல்யாணம் கட்டியது எல்லாம் ஹுவாரெஸில். ஆனாலும் அந்த ஒரு பிறப்புச் சான்றிதழால் அவள் அமெரிக்கக் குடிமகள். யாரெலி பள்ளிக்கூடம் போகும் வயசு வந்ததும் தாயும் மகளும் அந்தப் பக்கம் குடிபோனார்கள். அன்றிலிருந்து சனி, ஞாயிறு மட்டும்தான் அவர்கள் மூன்று பேர்.

கணவனை அழைத்துக்கொள்ள அம்மா மனுப் போட்டு, வருஷக்கணக்கில் காத்திருந்து, இன்று காலையில்தான் ஹுவாரெஸில் இருக்கும் அமெரிக்கத் தூதரகத்தில் அப்பாவுக்கு விசா நேர்காணல். போன வாரமே அலமாரியில் பாதியைக் காலி செய்துவிட்டாள் அம்மா, அவர் சட்டைகளுக்காக. அவளுக்குப் பள்ளிச் சமையல்கட்டில் லீவு கிடைக்கவில்லை. அதனால் மகள் துணைக்குப் போனாள்.

போகாமலே இருந்திருக்கலாம்.

* * *

காலையில் அப்பா உள்ளே போனபோது, புதிதாக முடிவெட்டிய பின்கழுத்து பளிச்சென்று தெரிந்தது. யாரெலியும் அத்தையும் எதிரே பரிட்டோ விற்கிற வண்டி நிழலில் நின்றார்கள். அத்தை ஒஃபேலியா அப்பாவுக்கு மூத்தவள். தம்பிக்குச் சமைத்துப் போடுவதும், தம்பி பெண்டாட்டியைக் குறை சொல்வதும் அவளுக்கு மூச்சு விடுகிற மாதிரி.

“வந்ததும் மொதல்ல நல்லா சாப்பிடச் சொல்லணும். அங்க போய்ட்டா உங்கம்மா பள்ளிக்கூடத்து மிச்சத்தைத்தான் போடுவா” என்றாள்.

“அம்மா நல்லாத்தான் சமைப்பாங்க அத்தை.”

“ஆமாமா. ஐநூறு பிள்ளைங்களுக்குச் சமைக்கிறா. ஒரு புருஷனுக்குச் சமைச்சதை நான் பாத்ததில்ல.”

அப்பா வெளியே வந்தார். அவர் கையில் வர்ணக் காகிதம் ஒன்று இருந்தது. அதை நான்காக மடித்தார், பிரித்தார், மறுபடி மடித்தார்.

“என்னடா தம்பி, குடுத்துட்டாங்களா?”

“இல்லக்கா.”

“இல்லைன்னா?”

“மரிசேலா வரிக் கணக்கு குடுத்திருக்காள்ல, என்னை வச்சுக் காப்பாத்துவேன்னு எழுதின ஆதரவுப் பத்திரத்தோட. அதுல கல்யாணம் ஆகாதவன்னு போட்டிருக்காம். மூணு வருஷமா.”

அத்தையின் வாய் திறந்தபடியே நின்றது. அப்பா தரையைப் பார்த்துக்கொண்டு சொன்னார்.

“கண்ணாடிக்கு அந்தப் பக்கம் உக்காந்திருந்த பொண்ணு மரியாதையாத்தான் கேட்டுச்சுக்கா. ‘ஐயா, அவங்களுக்குக் கல்யாணமே ஆகலைன்னா நீங்க அவங்களுக்கு யாரு?’ன்னு. கல்யாண போட்டோவை எடுத்துக் காட்டினேன். ‘அழகா இருக்கு’ன்னு சொல்லிட்டுத் திருப்பிக் குடுத்துடுச்சு.”

“நான் சொன்னேனா இல்லையா?” அத்தைக்குக் குரல் வந்துவிட்டது. பரிட்டோக்காரன் திரும்பிப் பார்த்தான். “தலையால அடிச்சுக்கிட்டேனே! நீ ஞாயித்துக்கிழமைப் புருஷன்டா. திங்கள்லேருந்து வெள்ளி வரைக்கும் அவ அங்க கன்னிப்பொண்ணு! சர்க்காருக்கே எழுதிக் குடுத்துட்டா பாரு!”

“அத்தை, அம்மா இல்ல. நான்.”

இருவரும் அவளைப் பார்த்தார்கள்.

“நான்தான் அப்பா அழுத்தினேன். கணக்கு எழுதிக் குடுத்துக்கிட்டிருந்த பக்கத்து வீட்டம்மா மகனோட பீனிக்ஸ் போய்ட்டாங்கல்ல, அதுக்கப்புறம் நான்தான் போன்ல போடறேன். மணமானவர்னு அழுத்தினா உங்க நம்பர் கேக்குது. அமெரிக்க வரி நம்பர். உங்களுக்குத்தான் கெடையாதே! சிவப்புல காட்டுது, மேல போகவே மாட்டேங்குது. பின்னால வந்து மணமாகாதவர்னு அழுத்தினேன். உடனே போய்டுச்சு. சத்தியமாப்பா. அம்மாவுக்கு இங்கிலீஷ் தெரியாது. அம்மாவுக்கு எதுவுமே தெரியாது.”

எல் பாசோவில் அவள் வகுப்பில் பாதிப் பேர் இதைச் செய்கிறவர்கள்தான். வீட்டுக்காரனிடம் பேசுவது, டாக்டர் சொன்னதை அம்மாவுக்குச் சொல்வது, வரிக் கணக்குப் போடுவது எல்லாம் பிள்ளைகள் வேலை. அங்கே யாரிடம் சொன்னாலும் தலையாட்டியிருப்பார்கள்.

இது ஹுவாரெஸ். அத்தை கைதட்டிச் சிரித்தாள்.

“கேட்டுக்க! மூணு வருஷத்துக்கு முன்னாடின்னா இவளுக்குப் பதிமூணு வயசு. பதிமூணு வயசுப் பிள்ளை சர்க்காருக்கு வரிக் கணக்கு எழுதிச்சாம்! அடி மருமகளே, உங்கம்மா சொல்லிக் குடுத்துதானே அனுப்பிச்சா? மாட்டிக்கிட்டா நான்தான்னு சொல்லிடுன்னு?”

“இல்ல அத்தை!”

“பெத்த பிள்ளை தலையில பழியைப் போடுறாளே, அவ ஒரு பொம்பளையா?”

“அப்பா, நீங்க சொல்லுங்க. நீங்க நம்புறீங்கல்ல?”

அப்பா காகிதத்தைச் சட்டைப் பையில் வைத்தார். அந்தச் சட்டையே இன்றைக்கென்று வாங்கியது. காலரில் அட்டை கட்டியிருந்த நூல்கூட இன்னும் தொங்கிக்கொண்டிருந்தது.

“பஸ் ஏறு கண்ணு. இருட்டறதுக்குள்ள போய்டு” என்றார்.

அவ்வளவுதான் சொன்னார். பட்டப்பகல் பதினோரு மணிக்கு.

* * *

“என்ன கொண்டுவர்ற?” என்று பாலத்தின் முடிவில் அதிகாரி கேட்டார்.

“ஒண்ணுமில்ல.”

“பழம், இறைச்சி, எதுவும்?”

“இல்ல சார்.”

“இன்னிக்குப் பள்ளிக்கூடம் இல்லையா?”

“அப்பாவைப் பாக்கப் போனேன்.”

அவர் அவள் முகத்தை ஒரு விநாடி கூடுதலாகப் பார்த்துவிட்டு அடையாள அட்டையைத் திருப்பிக் கொடுத்தார்.

சதுக்கத்து பஸ் நிறுத்தத்தில் அம்மா வேலை முடிந்த கையோடு வந்து காத்திருந்தாள். சமையல்கட்டு வலைத்தொப்பி நெற்றியில் பதித்த கோடு இன்னும் அழியவில்லை. யாரெலி வழியெல்லாம் சேர்த்துவைத்ததை ஒரே மூச்சில் கொட்டினாள். கட்டம், சிவப்பு எழுத்து, கண்ணாடி ஜன்னல், அத்தையின் கைதட்டல். சொல்லி முடித்ததும் கண்ணை இறுக்கி மூடிக்கொண்டாள். அடி விழும் என்று கன்னத்தைத் தயாராக வைத்திருந்தாள்.

விழவில்லை.

“அப்பா சாப்பிட்டாரா?” என்று கேட்டாள் அம்மா.

“தெரியலைம்மா.”

“ம்” என்றாள். பிறகு, “லைப்ரரியில வரிக்கு உதவி பண்றாங்களாமே, ஏப்ரல் பாதி வரைக்கும். வா, அங்க போய்க் கேப்போம்” என்று எழுந்தாள்.

கத்துவாள், அழுவாள், அத்தையைத் திட்டுவாள் என்று எதிர்பார்த்த யாரெலிக்கு அந்த அமைதி பிடிபடவில்லை. அம்மாவுக்கு விஷயத்தின் கனம் புரியவில்லை போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டாள்.

* * *

லைப்ரரியின் பின்னறையில் ஊரே உட்கார்ந்திருந்தது. கெடு நெருங்கிவிட்டதால் நாற்காலி கிடைக்காதவர்கள் சுவரோரம் தரையில் இருந்தார்கள். பக்கத்திலிருந்த ஒரு தடித்த அம்மாள் மரிசேலாவின் விஷயத்தைப் பாதி கேட்டதுமே மீதியைத் தானே புரிந்துகொண்டாள்.

“உன் புருஷன் அந்தப் பக்கமா? குடுத்துவச்சவ. என் ஆளு இந்தப் பக்கம்தான், என் வீட்டு சோபாவுலதான் இருக்கான். இருக்கறதும் ஒண்ணுதான், இல்லாததும் ஒண்ணுதான். அவனை எந்தக் கட்டத்துல போடறதுன்னு இந்த மேடத்தைக் கேக்கணும்.”

சுவரோரம் சிரிப்பு எழுந்தது. அம்மாவும் சிரித்தாள். யாரெலி சிரிக்கவில்லை.

முறை வந்தது. கணக்குப் பார்க்க உட்கார்ந்திருந்த லெர்மா மேடம் வங்கியில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். மூன்று வருஷக் கணக்கையும் திரையில் புரட்டிப் பார்த்துவிட்டு மூக்குக் கண்ணாடியைக் கழற்றினார்.

“புருஷன் வெளிநாட்டுல இருக்கார், இங்க நம்பர் கெடையாது. அவ்வளவுதானே?”

“ஆமா மேடம்.”

“‘மணமானவர், தனியாகத் தாக்கல்’னு ஒரு கட்டம் இருக்கே. நம்பர் கேக்கற எடத்துல அவர் இங்க வசிக்கிறவர் இல்லைன்னு குறிச்சுட்டா முடிஞ்சுது. பிள்ளையை நீங்க வச்சுக் காப்பாத்தறீங்க, புருஷன் வெளிநாட்டுக்காரர். உங்களுக்குக் ‘குடும்பத் தலைவர்’னு போடவே வழி இருந்திருக்கு, வரியும் கொறைஞ்சிருக்கும். இத்தனை கட்டத்துல நீங்க போடவே கூடாத கட்டம் ஒண்ணுதான். அதைத் தேடிப் போட்டிருக்கீங்க.”

வழி இருந்திருக்கிறது. யாரெலி அன்று போனில் பின்னால் போகாமல், யாரையாவது ஒரு வார்த்தை கேட்டிருந்தால் போதும்.

“இப்பத் திருத்தலாம்ல?” என்று கேட்டாள்.

“திருத்தலாம். மூணு வருஷத்துக்கும் இன்னிக்கே எழுதித் தர்றேன். ஆனா அவங்க அதைப் பாத்து முடிக்க மாசக்கணக்குல ஆகும்மா. அதுக்குள்ள உங்கப்பாவோட மருத்துவப் பரிசோதனை காலாவதி ஆயிடும், மறுபடி எடுக்கணும்.”

“எடுத்துட்டா குடுத்துடுவாங்களா?”

லெர்மா மேடம் பேனா மூடியைத் திருகித் திருகி எடுத்தார்.

“சின்னப் பொண்ணு, உன்கிட்ட பொய் சொல்ல எனக்கு இஷ்டமில்ல. கல்யாணம் நெசம்தானான்னு ஒரு தடவை சந்தேகம் வந்துட்டா, அது லேசுல போகாது. மாட்டிக்கிட்டதால திருத்தறாங்கன்னும் நெனைக்கலாம். அதனால திருத்தின கணக்கோட, ஏன் தப்பாச்சுன்னு அம்மா ஒரு பக்கம் எழுதி, சத்தியப் பிரமாணம்னு கையெழுத்துப் போட்டு அப்பாகிட்ட குடுத்தனுப்புங்க. உள்ளதை உள்ளபடி எழுதுங்க. அதுல ஒரு பொய் இருந்து கண்டுபிடிச்சாங்கன்னா, அப்புறம் எப்பவுமே கதவு தொறக்காது.”

யாரெலி அந்த மேஜையிலேயே எழுதினாள். பதிமூன்று வயதில் தானே அழுத்தியது, எண் இல்லாததால் பயந்தது, அம்மாவுக்கு ஆங்கிலம் வராது என்பது, எல்லாவற்றையும் எழுதினாள். கடைசி வரியாக, ‘என் கணக்கில் அப்படி இருப்பது இன்றுவரை எனக்குத் தெரியாது’ என்று அம்மாவின் சார்பில் முடித்தாள்.

“படிச்சுக் காட்டு” என்றாள் அம்மா.

படித்தாள். அம்மா பேனாவை வாங்கினாள். காகிதத்தின் அடியில் முனை தொட்டது. அங்கேயே நின்றது.

“வீட்ல போய்ப் போடறேன். கண்ணாடி கொண்டாரலை.”

கண்ணாடி அவள் கழுத்துச் சங்கிலியில் தொங்கிக்கொண்டிருந்தது.

* * *

வீட்டுக்கு வந்ததும் அம்மா அடுப்பில் பீன்ஸைச் சூடு பண்ணினாள். இருவரும் நின்றபடியே ரெண்டு வாய் சாப்பிட்டார்கள். ஜன்னலில் வெயில் மஞ்சளாகி, மலைமேல் ஹுவாரெஸ் விளக்குகள் ஒவ்வொன்றாக ஏறிக்கொண்டிருந்தன. பிறகு அம்மா படுக்கையறைக்குப் போனாள். கட்டிலுக்கு அடியில் மூட்டையாகக் கட்டி வைத்திருந்த தன் துணிகளை வெளியே எடுத்தாள். ஒவ்வொன்றாக உதறி, அலமாரியில் காலியாகக் கிடந்த பாதியில் மாட்டத் தொடங்கினாள்.

“என்னம்மா பண்றீங்க?”

“மூட்டைக்குள்ள கெடந்தா கசங்கிடும்ல.”

“அது அப்பா எடம்.”

“அவர் வரும்போது எடுத்துக்கலாம்.”

யாரெலி காகிதத்தையும் பேனாவையும் கட்டில்மேல் வைத்தாள். “இதுல கையெழுத்துப் போட்டுக் குடுங்கம்மா. காலையில நான் கொண்டுபோய்க் குடுத்துட்டு ஸ்கூலுக்கு ஓடி வந்துடறேன்.”

அம்மா ஒரு ரவிக்கையை மாட்டினாள். இன்னொன்றை எடுத்தாள். முகத்தைத் திருப்பாமலே பேசினாள்.

“கடைசிப் பக்கம் ஸ்பானிஷ்ல வரும் கண்ணு.”

“எது?”

“போன்லதான். எல்லாம் முடிஞ்சதும் வருமே, என் பேரு, ‘மணமாகாதவர்’னு எல்லாம் போட்டு, கீழ ‘மேலே உள்ளதைப் படித்தேன், சரி என்று ஒப்புக்கொள்கிறேன்’னு. அதை மட்டும் நீ என் கையில குடுத்துட்டுத் தண்ணி குடிக்கப் போய்டுவ. நான் படிச்சுட்டுதான் அழுத்துவேன். ஆறாவது வரைக்கும் படிச்சிருக்கேன்ல.”

யாரெலிக்கு முதலில் ஒன்றும் ஏறவில்லை. ஏறியபோது கட்டில் விளிம்பில் உட்கார்ந்துவிட்டாள்.

“அப்போ உங்களுக்குத் தெரியுமா?”

“தெரியும்.”

“மூணு வருஷமும்?”

“மூணு வருஷமும்தான்.”

“ஏம்மா சொல்லலை? ஏன் ஒரு வார்த்தை சொல்லலை?”

“மொதத் தடவை, நீ ஏதாவது காரணத்தோடதான் போட்டிருப்பேன்னு விட்டுட்டேன். இங்கிலீஷ் தெரிஞ்ச பிள்ளை. அடுத்த வருஷமும் அதே வந்துச்சு.” அம்மா கையிலிருந்த ரவிக்கையின் தோளை நீவி நீவி விட்டாள். “படிச்சேன். பொய்யாத் தோணலைடி.”

“அம்மா!”

“குழாய் ஒழுகினா நான். உனக்கு ராத்திரி காய்ச்சல்னா நான். எனக்கு வயித்துல கட்டின்னு அறுத்தப்ப, பக்கத்துல இருந்து கையெழுத்துப் போட ஆளு யாருன்னு கேட்டாங்க. பத்து வயசுப் பிள்ளையைக் காட்டினேன், சிரிச்சாங்க. உங்கப்பா நல்ல மனுஷன், குறையே சொல்ல மாட்டேன். ஞாயித்துக்கிழமை போனா இறைச்சி சுட்டு வச்சு, பாட்டுப் போட்டு, சிரிக்கச் சிரிக்கப் பேசுவாரு. விடிகாலையில திங்கக்கிழமை பாலத்துல குளிர்ல நிக்கும்போது, நான் யாருக்குப் பொண்டாட்டின்னு எனக்கே மறந்துபோகும். அன்னிக்கு அந்தக் கட்டத்தைப் பாத்தப்ப, சரி, எவனோ ஒருத்தன் உள்ளதைக் கண்டுபிடிச்சுட்டான்னு தோணுச்சு. அழுத்திட்டேன்.”

“அப்போ அப்பா வர வேணாமா உங்களுக்கு?”

அம்மா சட்டென்று திரும்பினாள். கண் சிவந்திருந்தது.

“வேணாம்னா அலமாரியைக் காலி பண்ணினது யாரு? நீயா?”

அம்மா மறுபடி திரும்பிக்கொண்டாள்.

காகிதம் இருவருக்கும் நடுவே கட்டிலில் கிடந்தது. ‘இன்றுவரை எனக்குத் தெரியாது.’ அம்மா கையெழுத்துப் போட்டால் அது பொய். அந்த வரியை அடித்துவிட்டு உள்ளதை எழுதினால், எழுதிய அந்த நிமிஷமே அத்தை சொன்னது சரியாகிவிடும். லெர்மா மேடத்தின் குரல் காதில் கேட்டது. எப்பவுமே கதவு தொறக்காது.

எந்தப் பக்கம் எழுதினாலும் மூடப்போகிற கதவு ஒன்றுதான்.

போன் துடித்தது. அத்தை என்று நினைத்து அணைக்கப் போனவள் பேரைப் பார்த்தாள். அப்பா.

அம்மாவும் பார்த்தாள். தோளில் ஒரு பாவாடையோடு அப்படியே நின்றாள்.

“கண்ணு?” அப்பாவின் குரல் அடங்கியிருந்தாலும் சின்ன அறையில் அம்மாவுக்கும் கேட்டது. பின்னால் தெரு நாய் ஒன்று குரைத்தது. அத்தைக்குக் கேட்கக் கூடாதென்று வாசலுக்கு வந்து பேசுகிறார். “சாப்பிட்டியா?”

“சாப்பிட்டேன்பா. நீங்க?”

“ம். காலையில நான் பேசாம இருந்துட்டேன். தப்பு. உங்க அத்தை முன்னால எனக்குப் பேச வரலை. சாயங்காலம் பூரா யோசிச்சேன். உன் மேல எனக்குக் கோவம் இல்ல, தெரியுதா? பதிமூணு வயசுல உன்னை அந்த வேலை செய்ய விட்டது நாங்க. அந்தக் காகிதத்தோட நான் திரும்பப் போறேன். எத்தனை தடவை வேணும்னாலும் போறேன். அந்தப் பொண்ணு கண்ணைப் பாத்து, ‘என் பொண்டாட்டி அப்படிச் சொன்னவ இல்ல, என் மகள் தெரியாமப் பண்ணினது’ன்னு சொல்லப் போறேன்.”

“அப்பா…”

“எனக்கு வேற எதுவும் வேணாம். அவங்க விசா குடுத்தாலும் சரி, குடுக்காட்டியும் சரி. நீ காலையில சத்தியம் பண்ணினியே, அது ஒண்ணு போதும் எனக்கு. அதைப் பிடிச்சுக்கிட்டுதான் இவ்வளவு நேரம் உக்காந்திருக்கேன்.” அவர் தொண்டையைச் செருமிக்கொண்டார். “இன்னொரு தடவை மட்டும் சொல்லிடு கண்ணு. நான் தூங்கணும்.”

அம்மா அலமாரிக் கதவைப் பிடித்துக்கொண்டு மகளையே பார்த்தாள். வேண்டாம் என்றும் சொல்லவில்லை, சொல்லு என்றும் சொல்லவில்லை.

“உங்கம்மாவுக்குத் தெரியாதுதானே?”